நின்ற கால்

நான் பிறக்கும்போது முதலில் வந்தது தலை இல்லை, வலது கால். கால் முன்னால் வந்து பிறந்தவன் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. பாகூரைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எனக்கு ஆறேழு வயது இருக்கும்போதே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நாற்று நட்டு நிமிர முடியாத பெண்கள், மூட்டை தூக்கும்போது பிடித்துக்கொண்ட ஆண்கள். இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எத்தனை பேர் இடுப்பில் கால் வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முறை இதுதான். பொழுது விடிகிற நேரம், இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கக் கூடாது. வந்தவர் எங்கள் வாசற்படிக்கு முன்னால் கிழக்கே தலை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். நான் நிலைக்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடது காலில் நின்று, வலது குதிகாலை அவர் முதுகில் வைத்து இடுப்பு வரைக்கும் மூன்று தரம் இழுப்பேன். மூன்றாவது தரம் லேசாக ஒரு உதை. அவ்வளவுதான். காசு வாங்கக் கூடாது. வந்தவர் எழுந்து, வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். சரியாகிவிட்டது என்று பிறகு வந்து சொல்லவும் கூடாது. சொன்னால் பிடிப்பு திரும்ப வந்துவிடும்.

எனக்கு இந்த முறை வசதியாக இருந்தது. நான் சின்ன வயதிலிருந்தே கூச்சப்படுகிறவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம், எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஆனால் வாசலில் படுத்திருப்பவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை. அவரும் பேசாமல் எழுந்து போய்விடுவார். எங்கள் ஊரில் பாதிப் பேரை எனக்கு முகத்தைவிட முதுகை வைத்துத்தான் நன்றாகத் தெரியும்.

என் வேலையும் அப்படிப்பட்டதுதான். தண்ணீர் கட்டுகிற வேலை. ஊருக்கு மேற்கே நெல்லும் கரும்புமாக ஒரே குடும்பத்துக்கு நிறைய நிலம் இருக்கிறது. அந்த நிலத்துக்காரரிடம் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். விடியற்காலையில் மோட்டார் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு வரப்பு வரப்பாக நடந்து, ஒரு வயல் நிறைந்ததும் அந்த மடையை அடைத்து அடுத்த மடையைத் திறக்க வேண்டும். பொழுது சாய்கிற வரை நடைதான். வரப்பு ஒரு சாண் அகலம் இருக்கும். அதில் ஒரு காலுக்கு நேர் முன்னால் அடுத்த காலை வைத்துத்தான் போக முடியும். தார் ரோட்டில் நடந்தாலும் எனக்கு அந்த நடைதான் வரும். என் மனைவி கல்யாணமான புதிதில், "இன்னாது, கம்பி மேல நடக்குற மாதிரி நடக்குற?" என்று கேட்டாள்.

எங்கள் வீடு ஊருக்குக் கிழக்கே காலனியில் இருக்கிறது. நிலத்துக்காரர் வீட்டு நடைவாசலைத் தாண்டி நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. எனக்கென்று ஒரு டம்ளர் மோட்டார் கொட்டாயில் தனியாக இருந்தது. ஆனால் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவார். காலனிக்கு வந்து என் வாசலில் படுக்க முடியாது என்பதால் மோட்டார் கொட்டாயிலேயே கோணியை விரித்துக்கொள்வார். "டேய், பாத்து மெதி. பழி தீத்துக்காத" என்று கோணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பார். நான் கொட்டாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் இழுப்பேன். அவரும் திரும்பிப் பார்க்காமல்தான் போவார்.

வலி எனக்கு முதலில் தெரிந்தது ஒரு சம்பா நடவு முடிந்த வாரத்தில். மடையைத் தாண்டக் காலைத் தூக்கினேன், இடது கால் எழும்பவில்லை. இடுப்புக்குள் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கித் தாண்டினேன். அன்றைக்கு அவ்வளவுதான். நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தது. பிறகு தினமும் வந்தது. முதல் பத்தடி குத்தும், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

வலி இருந்த இடத்தை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அது தொடை இடுக்கில் இருந்தது. கைவைத்துக் காட்ட முடியாத இடம். சில நாள் முட்டிக்கு இறங்கிவிடும், அப்போது முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வேன். மனைவி கேட்டால் முட்டி என்பேன். கொஞ்ச நாள் கழித்து இடுப்பு என்றேன். அதற்கே அவள் சிரித்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் இடுப்பு எடுத்து வுட்டுட்டு உனுக்கே இடுப்பா? வெளிய சொல்லிடாத, சந்தி சிரிக்கும்."

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நான் பயந்திருந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். என்னிடம் இருந்தது அந்த ஒரு கால் மட்டும்தான். அதை வைத்துத்தான் ஊரில் என்னை ஒரு ஆளாக நினைத்தார்கள். கூட்டத்தில் என்னை யாரும் கூப்பிட்டுப் பேசியதில்லை, ஆனால் குனிந்தவர் நிமிர முடியாவிட்டால் என் வீட்டு வழியைத்தான் கேட்பார்கள். நான் நொண்டுகிறேன் என்று தெரிந்தால் யார் வந்து படுப்பார்கள்?

அதனால் மறைத்தேன். நொண்டாமல் நடப்பதைப் பழகிக்கொண்டேன். மண்வெட்டியைத் தோளில் போடாமல் கையில் பிடித்து, தரையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஊன்றிக்கொண்டே போவேன். பஸ் ரோட்டு டீக்கடையிலிருந்து பார்த்தால் நிலத்துக்காரரின் கரும்புக் கொல்லை மூலைவரைக்கும் தெரியும். அந்தத் தூரத்தை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நடப்பேன். கரும்பு மறைவுக்குப் போனதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவேன். கண்ணில் தண்ணீர் வரும். துடைத்துக்கொண்டு மடையைப் பார்க்கப் போவேன். விடியற்காலையில் வாசலில் யாராவது படுத்திருந்தால், நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலைத் தூக்குவேன். படுத்திருப்பவருக்கு அது தெரியாது.

மூன்று மாதம் கழித்து, கடலோரத்தில் இருக்கும் நல்லவாட்டுக்குப் போனேன். அங்கே மீன் விற்கிற ஒரு அம்மா இருக்கிறாள், என் வயதுதான், அவளும் கால் முன்னால் வந்து பிறந்தவள். மீனவர்களில் வலை இழுத்துப் பிடிப்பு வந்தவர்கள் அவளிடம் போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மோட்டாருக்கு சாமான் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் தவளக்குப்பம் போய், அங்கிருந்து ஆட்டோவில் போனேன். படகுகள் வந்துகொண்டிருந்தன. ஐஸ் பெட்டி பக்கத்தில் கூடையோடு நின்றிருந்தவளிடம் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த ஊரு?" என்றாள். சொன்னேன்.

"அங்கதான் ஒருத்தரு இருக்காராமே, தண்ணி கட்டுறவரு. அவருகிட்ட போவாம இவ்ளோ தூரம் ஏன் வந்த?"

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யம்மா! நீதானா அது? நல்ல கூத்துடா சாமி. உன் காலு உன் முதுவுக்கு எட்டலயா?"

வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பின்னால் மணலில் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். முதன்முதலாக, என் வாசலில் படுக்கிறவர்களைப் போல நான் படுத்தேன். மணல் வாயில் ஒட்டியது. அவள் குதிகால் பாரமாக இருந்தது. மூன்று தரம் இழுத்து ஒரு உதை விட்டாள். "எழுந்து போ. திரும்பாத" என்றாள்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினேன், முட்டியை மடித்தேன், இடது கால் மடங்கவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு என் கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கியவளின் முகத்தை நான் பார்த்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இது பிடிப்பு இல்லபா. பிடிப்புன்னா காலு மடங்கும். உனுக்கு உள்ள இன்னாமோ ஆயிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போ."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் போகவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாதபோது பார்த்துவிட்டேன், அதனால்தான் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் நாற்பத்தைந்து வருஷம் அந்த முறையிலேயே இருந்தவனுக்கு அப்படித்தான் தோன்றியது. தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் இடுப்பு வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். அதைப் போட்டால் அரை நாள் தாங்கும். இப்படியே இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

ஒரு நாள் காலையில் நிலத்துக்காரர் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு மூட்டைத் தராசை நகர்த்தும்போது பிடித்துக்கொண்டதாம். அறுவடை சமயம், மோட்டார் கொட்டாய் முழுக்க யூரியா மூட்டையும் தார்ப்பாயும் அடைந்து கிடந்தது. அவர் களத்தின் நடுவில் கோணியை விரித்து ஏற்கெனவே படுத்திருந்தார். பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. மண்வெட்டியையும் கொட்டாயில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஐயா, கொட்டாய் ஓரமா படுத்தீங்கன்னா…" என்றேன்.

"என்னால நவுர முடிஞ்சா உன்ன ஏன்டா கூப்புடுறேன்? சீக்கிரம் இழு."

நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இடது காலை நன்றாக ஊன்றிக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். முதல் தரம் இழுத்தேன். இரண்டாவது தரம் தூக்கும்போது இடுப்புக்குள் ஏதோ நொறுங்கியது. சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்படியே அவர் முதுகின் மேல் விழுந்தேன்.

அவர் கத்தினார். நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். பெண்கள் ஓடிவந்து முதலில் அவரைத் தூக்கினார்கள். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார். நான் நெல்லில் கிடந்தேன்.

"எத்தினி நாளா இப்பிடி?" என்றார்.

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டே மெதுவாக வீட்டுப் பக்கம் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அது முறைக்காகவா, என் மேல் இருந்த கோபத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குப் பிடிப்பு விட்டதா என்றும் தெரியாது. என்னை டிராக்டர் பெட்டியில் போட்டு வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

நான் பயந்த சிரிப்பு அந்த வாரமே வந்துவிட்டது. டீக்கடையில் என் மச்சானைப் பார்த்து, "உங்க மாமன் இன்னாபா, இப்பல்லாம் கால வக்கிறது இல்லியாம், ஆளே மேல படுத்துக்குறாராமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அங்கேயே சண்டை போட்டுவிட்டு வந்தான். நான் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அதுவரை பயந்ததைவிட அது குறைவாகத்தான் வலித்தது. இதற்காகவா ஒன்றரை வருஷம் மறைத்தோம் என்று இருந்தது.

மனைவி நூறு நாள் வேலையை விட்டுவிட்டு என்னை டவுனில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எலும்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்கே வலிக்கிறது, காட்டுங்கள் என்றார். நான் இடுப்பின் ஓரத்தைக் காட்டினேன்.

"பொய் சொல்றாரு மேடம்" என்றாள் மனைவி. "தொடை இடுக்குல. ராத்திரி தூக்கத்துல அங்கதான் கைய வச்சிக்கினு மொனவுறாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார் டாக்டர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தேன். தரையில் கல் பதித்த கோடு இருந்தது. நான் பாட்டுக்கு அந்தக் கோட்டின் மேலேயே ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலாக வைத்துப் போனேன். "இப்படி இல்ல, சாதாரணமா நடங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "அவரு நடையே அதான் மேடம்" என்றாள் மனைவி.

"குடிப்பீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்லன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. உண்மைய சொல்லுங்க, எலும்பு இப்படி ஆகுறதுக்கு அதுவும் ஒரு காரணம்" என்றார். படித்தவர், அவ்வளவு உறுதியாகக் கேட்கிறார். அவருக்கு எதிராகப் பேச எனக்கு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார்.

"யோவ், எப்பயா குடிச்ச நீ?" என்று மனைவி சத்தம் போட்டாள். "மேடம், இந்தாளு சாராயக் கடை இருக்குற தெருவுலகூட நடக்க மாட்டாரு. யாரு எத கேட்டாலும் தலைய ஆட்டுவாரு. நீங்க கொலை பண்ணியான்னு கேட்டுப் பாருங்க, ஆமான்னுவாரு." டாக்டர் சிரித்துவிட்டு எழுதியதை அடித்தார். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவர் இரண்டு கக்கத்திலும் கட்டையோடு நின்றிருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் திரும்பியபோது முதுகு தெரிந்தது. இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீக்காயத் தழும்பு. அந்தத் தழும்பின் மேல் என் குதிகால் போயிருக்கிறது. கரியமாணிக்கம் ஊர்க்காரர், நாலைந்து வருஷத்துக்கு முன்னால் மூன்று தரம் வந்தவர். அதற்குப் பிறகு வரவில்லை.

அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ தண்ணி கட்டுறவருதான? இங்க இன்னா பண்ற?"

"இடுப்பு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு முதுகெலும்பில் டிபியாம். கண்டுபிடிப்பதற்குள் ஒரு எலும்பு கரைந்து கால் இரண்டும் மரத்துப்போய்விட்டதாம். இப்போது மருந்து சாப்பிட்டு இவ்வளவாவது நடக்கிறாராம்.

"மொத தரம் நீ இழுத்துவுட்ட ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் வந்து படுத்தேன். மூணாவது தரத்துக்கு அப்புறம் எழுந்து வர முடில."

"வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கீங்களே" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

உள்ளே கூப்பிட்டார்கள், அவர் போனார். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். திரும்பி வராதவர்கள் எல்லாம் குணமானவர்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். யாரும் வந்து சொல்லாததால் எனக்குத் தெரிய வழி இல்லை. சொல்லாமல் போகிறவர்களில் எத்தனை பேருக்கு விட்டது, எத்தனை பேர் வீட்டுக்குள் படுத்துவிட்டார்கள்? வரப்பில் வழுக்கி விழுந்த ஒரு கிழவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள், அவர் முதுகு ஞாபகம் வந்தது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு பெண், படுக்கும்போதே அழுதவள், அவள் முதுகும் ஞாபகம் வந்தது. அவர்களைப் பற்றி நான் யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருக்க எனக்கு முறை வசதியாக இருந்தது.

டாக்டர் என் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "இடுப்புல பந்து மாதிரி ஒரு எலும்பு இருக்கும். இந்தப் பக்கம் பாருங்க, உருண்டையா இருக்கு. இந்தப் பக்கம் ரத்தம் போகாம செத்து, நசுங்கிப்போச்சு." வலது பக்கம் பந்து உருண்டையாக இருந்தது. இடது பக்கம் அது அவிந்துபோன உருளைக்கிழங்கைக் கையால் அமுக்கிய மாதிரி இருந்தது. "வலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா அந்த எலும்பைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இனிமே மூட்டை மாத்தணும்" என்றார்.

மாற்றிய பிறகு குந்தி உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, குதிக்கக் கூடாது. நான் மனைவியின் காதில் ஒன்று கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். "வரப்புல நடக்கலாமான்னு கேக்குறாரு மேடம்." டாக்டர், "சமமான ரோட்ல நடங்க போதும்" என்றார். ஆபரேஷனுக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள். கூப்பிடும் வரை கைத்தடி வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் வலது கையில் பிடிக்க வேண்டும்.

பெயர் எழுதி ஆறு மாதம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை. நிலத்துக்காரர் நிலம் முழுக்க பைப் புதைத்துவிட்டார். போனிலேயே மோட்டார் போடுகிற பெட்டி ஒன்றையும் மாட்டிவிட்டார். இப்போது அந்த வரப்புகளில் தினமும் நடக்க ஆள் தேவையில்லை. என் டம்ளரை மச்சானிடம் கொடுத்தனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று மனைவி இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம், "வலிக்கிறது எடது பக்கம், தடி இன்னாத்துக்கு வலது கையில?" என்று நிறுத்திக் கேட்கிறார்கள். டாக்டர் சொன்னது என்கிறேன். யாரும் நம்புவதில்லை.

விடியற்காலையில் வாசலுக்கு ஆட்கள் வருவது நின்றிருந்தது. போன மாதம் ஒருத்தி வந்தாள். எதிர் வரிசையில் மூன்றாவது வீடு, கரும்பு வெட்டப் போகிறவள், நாற்பது வயதிருக்கும். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"யண்ணா, இன்னிக்கு ஒரு தரம் இழுத்து வுடு. ஒக்காந்துகினேகூட இழு, பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுக்கப் போனாள். படுக்கும்போது வலது காலை மடக்காமல் நீட்டிக்கொண்டே சரிந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டேன். அப்படிச் சரிகிறது எனக்குத் தெரியும்.

"இரு, படுக்காத" என்றேன். வாசலில் வந்து படுத்த ஒருவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. "எத்தினி நாளா?"

"மூணு மாசம்."

"எங்க வலிக்குது?"

"இடுப்புதான்" என்று ஓரத்தைக் காட்டினாள். காட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"அந்தக் கம்பம் வரைக்கும் நடந்து காட்டு" என்றேன்.

அவள் எழுந்து நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாது? என் நடைய நீ ஏன் பாக்குற?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. டாக்டர் கேட்டால் சரி. நான் ஒரு பெண்ணிடம் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம். "ஆஸ்பத்திரிக்குப் போம்மா. படம் எடுத்துப் பாரு. இது பிடிப்பு இல்ல" என்றேன்.

"உன் காலு போயிடுச்சுன்னா முடியலன்னு சொல்லு. ஊருல இருக்குற இடுப்பெல்லாம் உன் இடுப்பு ஆயிடுமா?" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவள் ஞாயிற்றுக்கிழமை நல்லவாட்டுக்குப் போய் அந்த மீன்காரியிடம் இழுத்துக்கொள்ளப் போகிறாள் என்று மனைவி சொன்னாள். மீன்காரி எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொல்வாள். நான் கேட்காத மாதிரி அவளும் கேட்க மாட்டாள். அப்புறம் மாத்திரை. அப்புறம் ஒரு வருஷம்.

சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வாசலிலிருந்து அவள் வாசல் ஐம்பதடி இருக்கும். யார் வீட்டுக்கும் நானாகப் போய்ப் பேசியதில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வந்த நேரம், பெண்கள் எல்லாம் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை நிறுத்தினாள்.

படத்தை உறையிலிருந்து எடுத்து மேற்கே வெளிச்சத்தில் பிடித்தேன். "இது நல்ல பக்கம். இது என் பக்கம்" என்றேன். "ஒன்றர வருஷம் மறைச்சேன். உனுக்கு மூணு மாசம்தான் ஆவுது. டாக்டரு பொம்பள. எந்த எடம்னு வாய்வுட்டு சொல்லு, கூச்சப்படாத."

அவள் எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்ணா" என்றாள்.

படத்தை உறையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. குழாயடியில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கப் பார்த்தேன். இரண்டு எட்டு வைத்ததும் அதை விட்டுவிட்டேன். இடது கால் எப்படி விழுமோ அப்படியே விழட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, தடி தரையில் தட்டி, வாயில் முனகல் வந்தது. எதையும் அடக்கவில்லை. அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஐம்பதடியையும் மெதுவாக நடந்தேன்.